எண்களும் கண்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. புள்ளியியல்)

புள்ளியியல் என்றதும் எண்களின் குவியல் ஒன்றே பலருடைய நினைவுக்கு வருகிறது. பக்கம் பக்கமாக அட்டவணைகள். அவற்றின் அடியில் சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு. இவற்றைக் கணக்கிட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று மாணவராகிய நாமும் எண்ணிவிடுகிறோம். வரைபடம் என்பது செய்முறை ஏட்டை அழகுபடுத்தக் கடைசியில் ஒட்டப்படும் தாள் என்பதே நம்மில் பலருடைய கருத்து.

இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது? எது அதிகம், எது குறைவு, வேறுபாடு எவ்வளவு, அவ்வேறுபாடு மெய்தானா என்னும் வினாக்களுக்கு விடை தேடுவதே புள்ளியியலின் பெரும்பணி. இவ்வினாக்கள் யாவும் ஒப்பிடுதலைப் பற்றியவை. ஒப்பிடுவதில் மனிதனுக்கு இயற்கை அளித்த சிறந்த கருவி கண்ணே ஆகும். ஆனால் அக்கண்ணுக்கும் வலிமை உண்டு, குறையும் உண்டு. எந்த வடிவில் வரைந்தால் கண் சரியாக ஒப்பிடும், எந்த வடிவில் வரைந்தால் தடுமாறும் என்பதை அறிஞர்கள் சோதனை செய்து கண்டுள்ளனர். அந்த ஆராய்ச்சியைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் பிறந்த கதை

நாம் இன்று பள்ளியிலேயே வரையப் பழகும் கோட்டு வரைபடமும் பட்டை விளக்கப்படமும் மிகப் பழமையானவை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பொருளாதாரப் புள்ளிவிவரங்களை இவ்வாறு வரைந்து காட்டும் வழக்கத்திற்கு வயது 250 ஆண்டுகூட ஆகவில்லை. ஸ்காட்லாந்து நாட்டவரான வில்லியம் பிளேஃபேர் என்பார் 1786ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வாணிகத்தைப் பற்றி ஒரு படநூலை வெளியிட்டார். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணிபுரிந்தவர் இவர். அந்நூலிலிருந்த 44 படங்களுள் 43 படங்கள் காலத்தைக் கிடையச்சில் குறித்து வரையப்பட்ட கோட்டு வரைபடங்கள். எஞ்சிய ஒன்றே பட்டை விளக்கப்படம்.

அந்த ஒரு படம் தோன்றிய காரணம் சுவையானது. ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு அவருக்கு ஓர் ஆண்டிற்கு மட்டுமே கிடைத்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது. ஆகவே, நாடுவாரியாகப் பட்டைகளை வரைந்து அடுக்கினார். விவரம் குறைவாக இருந்ததால் பிறந்ததே பட்டை விளக்கப்படம்! பின்னர் 1801இல் வட்ட விளக்கப்படத்தையும் இவரே அறிமுகப்படுத்தினார். எண்களின் வரிசை மனத்தில் தங்குவதில்லை, உருவம் தங்குகிறது என்பதே அவருடைய எண்ணம்.

கணக்கு ஒன்று, உருவம் நான்கு

கணக்கிட்டால் போதாதா, எதற்காக வரைய வேண்டும் என்று கேட்போர்க்கு ஆங்கிலேயப் புள்ளியியலறிஞர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973ஆம் ஆண்டு ஒரு விடை அளித்தார். அவர் நான்கு சிறு விவரத் தொகுதிகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் முதல் மாறியின் சராசரி 9. இரண்டாம் மாறியின் சராசரி 7.5. நான்கிலும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. நான்கிற்கும் பொருத்தப்படும் தொடர்புப் போக்குக் கோடும் ஒன்றே: 3உடன், முதல் மாறியில் பாதியைக் கூட்ட வேண்டும். கணக்கை மட்டும் பார்த்த எவரும் நான்கும் ஒன்றே என்றுதான் கூறுவர்.

வரைந்து பார்த்தால் காட்சியே வேறு. முதல் தொகுதியில் புள்ளிகள் கோட்டைச் சுற்றி இயல்பாகச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதில் புள்ளிகள் வில்போல் வளைந்து செல்கின்றன. நேர்கோடே அதற்குப் பொருந்தாது. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் மேலே விலகி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. நான்காவது இன்னும் விந்தையானது. பத்துப் புள்ளிகளில் முதல் மாறியின் மதிப்பு 8 ஆகவே உள்ளது. ஒன்றில் மட்டும் 19. அந்த ஒரு புள்ளியை நீக்கினால் ஒட்டுறவு என்பதற்கே அங்கு இடமில்லை.

2017ஆம் ஆண்டு ஜஸ்டின் மட்டேகா, ஜார்ஜ் ஃபிட்ஸ்மாரிஸ் என்னும் இருவர் கணிப்பொறியின் துணையால் இதனை மேலும் விரிவுபடுத்தினர். டைனோசர் என்னும் பண்டைய விலங்கின் உருவில் அமைந்த ஒரு புள்ளித் தொகுதியை எடுத்துக்கொண்டு, இரண்டு தசமத் தானம் வரை சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவை மாறாமலே அதனை வட்டமாகவும் விண்மீனாகவும் கோடுகளாகவும் மாற்றிக் காட்டினர். சுருக்க அளவுகள் எதையெல்லாம் மறைத்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தேடுவதற்கு ஒரு படம்

வரைபடத்தால் உண்மையைத் தேட இயலும் என்பதற்கு லண்டன் மாநகரில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி நோய் பரவியது. பத்தே நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால் இந்நோய் வருகிறது என்பதே அக்கால மருத்துவருட் பெரும்பாலோரின் கொள்கை. ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் மட்டும் குடிநீரே காரணம் என்று கருதினார்.

அவர் இறந்தோர் பட்டியலைப் பெற்று, தெருப் படத்தில் ஒவ்வொரு சாவிற்கும் அவரவர் வீட்டருகே ஒரு சிறு கருங்கோடு இட்டார். கோடுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி நெருங்கி அடுக்கடுக்காய் நின்றன. பிற பம்புகளை நெருங்க நெருங்க அவை அருகிப் போயின.

இத்துடன் அவர் நிற்கவில்லை. எதிர்பார்த்த இடத்தில் கோடு இல்லாததற்கும், எதிர்பாராத இடத்தில் கோடு இருப்பதற்கும் காரணம் தேடினார். பம்பிற்கு அருகிலேயே ஓர் ஏழையர் இல்லம் இருந்தது. அங்கு வாழ்ந்த 535 பேரில் 5 பேரே மாண்டனர். விசாரித்தபோது அங்குத் தனிக் கிணறு இருந்தது தெரிய வந்தது. அதே தெருவிலிருந்த மதுவடிப்பு ஆலையின் தொழிலாளருள் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் அந்தப் பம்பின் பக்கமே போவதில்லை. ஆலையில் தரப்பட்ட பானத்தையே அருந்தினர். விதியை மெய்ப்பித்தவற்றைக் காட்டிலும் விதிவிலக்குகளாகத் தோன்றியவையே அவர் கருத்திற்கு வலுவூட்டின.

படத்தைக் கண்டுதான் பம்பின் கைப்பிடி அகற்றப்பட்டது என்று சிலர் எழுதுவர். அது சரியன்று. ஸ்நோ கேட்டுக்கொண்டதன் பேரில் செப்டம்பர் 8ஆம் நாளிலேயே கைப்பிடி அகற்றப்பட்டது. அதற்குள் நோயும் தணியத் தொடங்கியிருந்தது. படம் பின்னரே வெளிவந்தது. ஆயினும் இடத்தோடு இடத்தை ஒப்பிட்டுக் காரணம் தேடும் முறைக்கு அப்படம் இன்றளவும் எடுத்துக்காட்டாய் விளங்குகிறது. இவ்வாறு விவரங்களைத் துருவி ஆராய்வதைத் துப்பறிவாளரின் பணிக்கு ஒப்பிட்டு, அதற்கென்றே 1977இல் ஒரு நூல் எழுதினார் அமெரிக்க அறிஞர் ஜான் டூக்கி. மிகச் சிறிய மதிப்பு, முதற் கால்மானம், இடைநிலை, மூன்றாம் கால்மானம், மிகப் பெரிய மதிப்பு ஆகிய ஐந்தையும் ஒரு சிறு பெட்டியிலும் அதன் இருபுறக் கோடுகளிலும் அடக்கிக் காட்டும் பெட்டிப்படத்தைப் பரப்பியவர் இவரே. பத்து வகுப்புகளின் மதிப்பெண்களை ஒரே தாளில் ஒப்பிட வேண்டுமாயின் இதைவிட எளிய வழி இல்லை.

கண் எதை நன்கு அளக்கும்?

இனி, கண்ணின் வலிமையையும் குறையையும் காண்போம். ஒரே அளவை நீளத்தால் காட்டலாம், கோணத்தால் காட்டலாம், பரப்பால் காட்டலாம், நிறத்தின் அடர்த்தியாலும் காட்டலாம். இவற்றுள் எது சிறந்தது? இவ்வினாவை ரசனைக்கு விட்டுவிடாமல் சோதனைக்கு உட்படுத்தியோர், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய வில்லியம் கிளீவ்லண்டு, ராபர்ட் மெக்கில் ஆகிய இருவராவர். இவர்களின் கட்டுரை 1984இல் வெளிவந்தது.

சோதனை எளிமையானது. ஒரு படத்தில் இரு பகுதிகளைக் குறித்துக் காட்டி, ‘பெரியதில் சிறியது நூற்றுக்கு எத்தனை?’ என்று பலரிடமும் கேட்டனர். அளவுகோல் இன்றிக் கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். விடைகளிலுள்ள பிழையை அளந்து பார்த்தபோது, பொதுவான ஓர் அடிக்கோட்டிலிருந்து உயரத்தை ஒப்பிடுவதில் பிழை மிகக் குறைவு என்று தெரிந்தது. அடிக்கோடு வேறுபட்டு, நீளத்தை மட்டும் ஒப்பிட வேண்டி வந்தால் பிழை கூடியது. வட்ட விளக்கப்படத்தின் கோணங்களை ஒப்பிடும்போது பிழை ஏறத்தாழ இருமடங்காயிற்று. இச்சோதனைகளோடு முன்னைய ஆய்வுகளையும் சேர்த்து நோக்கி அவர்கள் ஒரு படிவரிசை அமைத்தனர். முதற்படி பொது அளவில் இடம். அதன்பின் தனித்தனி அளவுகளில் இடம். அடுத்து நீளம், சாய்வு, கோணம். அதன் கீழ்ப் பரப்பு. அதனினும் கீழ்க் கனஅளவு. இறுதியில் நிற அடர்த்தி.

பரப்பு ஏன் அவ்வளவு கீழே போயிற்று? பரப்பு இருமடங்கானாலும் நம் கண்ணுக்கு இருமடங்காகத் தோன்றுவதில்லை. புலனுணர்ச்சிகளை அளந்து 1957இல் ஒரு விதி கூறிய உளவியலறிஞர் ஸ்டீவன்ஸ் கணக்குப்படி, பரப்பின் தோற்றம் சுமார் 0.7 அடுக்கில் வளர்கிறது. அதாவது, பரப்பு 2 மடங்கானால் கண்ணுக்கு ஏறத்தாழ 1.6 மடங்காகவே படுகிறது. ஆகவே, உற்பத்தி இருமடங்கானதைக் காட்டப் பெரிய மூட்டை ஒன்றையும் சிறிய மூட்டை ஒன்றையும் வரைவோர், நல்லெண்ணத்துடன் வரைந்தாலும் பொய்யான ஒப்பீட்டையே தருகின்றனர். உயரத்தை இருமடங்காக்கி அகலத்தையும் அவ்வாறே பெருக்கினாலோ பரப்பு நான்கு மடங்காகிவிடும். பிழை எதிர்ப்புறம் சாயும்.

2010இல் ஹீர், போஸ்டாக் என்னும் இருவர் கிளீவ்லண்டு–மெக்கில் சோதனையை இணையத்தின் வழியே பலரைக் கொண்டு மீண்டும் நடத்தினர். முடிவுகள் பெரும்பாலும் பழைய வரிசையையே உறுதி செய்தன. ஆய்வகத்தில் சிலரிடம் கண்டது, எங்கெங்கோ இருந்த பலரிடமும் மெய்யாயிற்று.

இவ்வுண்மையை அறியப் படிப்பும் வேண்டியதில்லை எனலாம். எங்கள் ஊரில் கிணற்று நீரை அடிக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. “போன சித்திரையில் ஏழு படி தெரிந்தது, இந்தச் சித்திரையில் பத்துப் படி தெரிகிறது” என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்திராத என் தந்தையார் கிணற்றுப் படிக்கட்டைப் பார்த்தே எத்தனை காணிக்கு நீர் பாயும் என்று முடிவு செய்வார். மேலே மாறாத ஒரு தொடக்கம், சமமான படிகள், அவற்றின் மீது நீர்மட்டம்: கிளீவ்லண்டு முதற்படியில் வைத்ததும் இதுவே அல்லவா? வகுப்பில் இந்த வரிசையைப் படித்தபோது, வீட்டில் முன்னரே கேட்ட பாடமாக எனக்குத் தோன்றியது.

ஒப்பிட மூன்று வழிகள்

இரண்டு விவரத் தொகுதிகளை ஒப்பிட எத்தனை வகைப் படங்கள் வரையலாம்? எண்ணற்ற வகைகள் இருப்பதாகத் தோன்றும். மைக்கேல் கிளைக்கர் என்பாரும் அவருடைய குழுவினரும் நூற்றுக்கும் மேற்பட்ட படமுறைகளை ஆராய்ந்து, எல்லாம் மூன்று வழிகளுள்ளும் அவற்றின் கலப்பிலும் அடங்கிவிடும் என்று 2011இல் எடுத்துரைத்தனர். முதலாவது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தல். இரண்டாவது, ஒன்றன்மேல் ஒன்றாக வரைதல். மூன்றாவது, வேறுபாட்டையே கணக்கிட்டு அதனை வரைதல்.

மூன்றிற்கும் தனித்தனிச் சிறப்பும் குறையும் உண்டு. பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கும். ஆனால் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும்போது இடையில் நினைவின் துணை தேவைப்படும். அளவு ஒன்றாக இல்லாவிடில் ஒப்பீடே கெட்டுவிடும். ஒரே அளவில் பல சிறு படங்களை வரிசையாக அடுக்கும் முறையை 1983இல் எட்வர்ட் டஃப்டி தம் நூலில் பெரிதும் போற்றினார்.

ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்தால் நினைவின் துணை வேண்டியதில்லை. ஆனால் இங்கு ஒரு மறைகுழி உண்டு. பிளேஃபேர் வரைந்த கிழக்கிந்திய வாணிகப் படத்தில் ஏற்றுமதிக்கு ஒரு கோடும் இறக்குமதிக்கு ஒரு கோடும் உள்ளன. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு எந்த ஆண்டில் எவ்வளவு என்று கேட்டால் நம் கண் தவறிவிடுகிறது. நிலைக்குத்தாக உள்ள இடைவெளியை அளப்பதற்குப் பதிலாக, இரு கோடுகளுக்கும் இடையே மிகக் குறுகிய தூரத்தையே அது அளக்கிறது. இருகோடுகளும் செங்குத்தாக ஏறும் இடத்தில், வேறுபாடு பெரிதாக இருந்தும் கோடுகள் ஒட்டிக் கிடப்பதுபோல் தோன்றும். கிளீவ்லண்டும் மெக்கில்லும் அந்த வேறுபாட்டை மட்டும் கழித்துத் தனிக் கோடாக வரைந்தனர். 1760ஐ அடுத்த ஆண்டுகளில் வேறுபாடு திடீரென ஏறி இறங்கியது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது. இருநூறு ஆண்டுகளாக அனைவர் கண்ணெதிரிலும் இருந்தும், படத்தின் வடிவம் அதனை மறைத்துவிட்டது.

அசையும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டுகள் ஓட ஓட நாடுகளின் வாழ்நாள் அளவும் வருமானமும் குமிழ்களாய் நகர்வதை 2006இல் ஹான்ஸ் ரோஸ்லிங் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் மேடையில் காட்டி உலகப் புகழ் பெற்றார். ஆனால் 2008இல் ராபர்ட்சன் என்பாரும் பிறரும் நடத்திய சோதனையில், தாமே ஆராய்ந்து விடை காணும் வேலைக்கு அசையும் படத்தைவிடச் சிறு படங்களின் வரிசையே கூடுதல் துல்லியம் தந்தது. அசையும் படத்தைப் பார்த்தோர் அதனை விரும்பினர். ஆனால் பிழையும் செய்தனர். விரும்பத்தக்கதும் விளங்கத்தக்கதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

மகலனோபிஸ் காட்டிய வழி

ஒப்பீட்டுப் படத்தின் வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் பி.சி. மகலனோபிஸ் 1960ஆம் ஆண்டு ஒரு புதிய படமுறையை வெளியிட்டார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களே அவருக்குக் களமாக அமைந்தன.

சிக்கல் இதுதான். வெவ்வேறு ஆண்டுகளில் மக்கள் செய்த செலவை எவ்வாறு ஒப்பிடுவது? இடையில் விலைவாசி மாறிவிடுகிறது. அன்று மாதம் 20 ரூபாய் செலவிட்டவனும் இன்று 20 ரூபாய் செலவிடுபவனும் ஒரே நிலையினர் அல்லர். மகலனோபிஸ் ரூபாயை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொண்டார். குடும்பங்களை ஏழையிலிருந்து செல்வர் வரை தலைக்குச் செலவின்படி வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கையுள்ள கூறுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு கூறின் சராசரியையும் வரைபடத்தில் குறித்தார். இப்போது அடிமட்டத்திலுள்ள பத்தில் ஒரு பங்கினரை, மற்றோர் ஆண்டின் அடிமட்டப் பத்தில் ஒரு பங்கினரோடு ஒப்பிட முடிந்தது.

இதனினும் சிறந்தது அடுத்த படி. ஒவ்வோர் ஆய்விலும் மாதிரியை ஒன்றையொன்று சாராத இரு பாதிகளாக எடுத்து, இரண்டிற்கும் தனித்தனிக் கோடு வரைந்தார். ஒரே ஆண்டின் இரு கோடுகளுக்கு இடையேயுள்ள பரப்பு, ஆய்வின் பிழையைக் காட்டும். ஈராண்டுக் கோடுகளுக்கு இடையேயுள்ள பரப்பு, நிகழ்ந்த மாற்றத்தைக் காட்டும். இரண்டாவது முதலாவதைவிடப் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான் மாற்றம் மெய் எனக் கொள்ள வேண்டும். வேறுபாட்டையும், அவ்வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் ஒரே படத்தில் காட்டிய நேர்மை போற்றுதற்குரியது.

ஒப்பிடாமல் விட்டவை

தவறான ஒப்பீடு வெறும் ஏட்டுப் பிழையாக நின்றுவிடுவதில்லை. 1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறி, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். ஏவூர்தியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் தன் நெகிழ்ச்சியை இழந்ததே காரணம் என்று விசாரணைக் குழு கண்டது.

முதல் நாள் இரவே இதுபற்றி வாதம் நடந்தது. 53 பாரன்ஹீட் பாகைக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று ஏவூர்தியைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் கூறினர். ஆனால் முன்னைய பறப்புகளில் வளையம் பழுதடைந்தவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், 53 பாகையிலும் பழுது, 75 பாகையிலும் பழுது. எனவே, வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை என்று தோன்றியது. பழுதே இல்லாத பறப்புகளையும் அதே படத்தில் சேர்த்தால் என்ன தெரியும்? 66 பாகையும் அதற்கு மேலும் இருந்த 20 பறப்புகளில் 3இல் மட்டுமே பழுது. 63 பாகையும் அதற்குக் கீழும் இருந்த 4 பறப்புகளில் நான்கிலுமே பழுது. ஏவப்பட்ட வேளையில் காற்றின் வெப்பநிலையோ 36 பாகை! இவ்வொப்பீட்டை விசாரணைக் குழு தன் அறிக்கையில் வரைந்து காட்டியது.

நல்ல படம் ஒன்று இருந்திருந்தால் எழுவரும் பிழைத்திருப்பர் என்று துணிந்து கூற இயலாது. அந்த இரவில் நிர்வாகத்தின் நெருக்கடியும் இருந்தது. பொறியாளர் சொல் ஏற்கப்படவில்லை. ஆயினும் ஒன்று உறுதி. ‘நிகழ்ந்தவை’ மட்டும் உள்ள படத்தில் ஒப்பீடு இல்லை. ‘நிகழாதவை’யும் அருகே இருந்தால்தான் கண்ணால் ஒப்பிட முடியும். ஸ்நோ மதுவடிப்பு ஆலையைத் தேடிச் சென்றதும் இதன் பொருட்டே.

கணிப்பொறிக் காலத்தில்

இன்று ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள விவரங்களையும் கணிப்பொறி நொடியில் வரைந்துவிடுகிறது. 1987இல் பெக்கரும் கிளீவ்லண்டும் ஒரு முறையை விளக்கினர். பல சிதறல் படங்கள் திரையில் இருக்க, ஒன்றில் சில புள்ளிகளைத் தூரிகையால் தடவுவதுபோல் தொட்டால், அதே புள்ளிகள் பிற படங்களிலும் ஒளிரும். மாறிக்கு மாறி தாவித் தேட இது வழி செய்தது. 1996இல் பென் ஷ்னைடர்மன் என்னும் கணிப்பொறி அறிஞர் தேடுதலுக்கு ஓர் ஒழுங்கு கூறினார். முதலில் முழுமையைக் காட்டுக; பின் வேண்டிய பகுதியை நெருங்கிக் காண்க, வேண்டாததை விலக்குக; கேட்கும்போது மட்டும் நுண்விவரம் தருக. புதிய ஊருக்குச் செல்பவர் முதலில் மலைமேல் ஏறி ஊரைப் பார்த்துவிட்டுப் பின் தெருவுக்குள் இறங்குவது போன்றது இது.

ஆனால் எந்திரம் எவ்வளவு விரைந்தாலும் பார்க்கும் கண் பழைய கண்ணே. முப்பரிமாணப் பட்டைகளையும் பளபளக்கும் வட்டங்களையும் ஒரு பொத்தானில் பெற முடிகிறது என்பதற்காக அவை சிறந்தவை ஆகிவிடமாட்டா.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வாராய்ச்சிகளிலிருந்து நம்மைப் போன்ற மாணவர்கள் பின்பற்றத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, கணக்கிடுமுன் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும். இரண்டாவதாக, துல்லியமாக ஒப்பிட வேண்டியவற்றைப் பொது அடிக்கோட்டில் நிறுத்த வேண்டும். வட்டத்தைப் பகுதியும் முழுமையும் காட்டும் எளிய வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, பட்டை விளக்கப்படத்தின் அளவு சுழியிலிருந்தே தொடங்க வேண்டும். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 96 குவிண்டாலும் மற்றொன்றில் 98 குவிண்டாலும் கொள்முதலானதாக வைத்துக்கொள்வோம். பட்டைகளை 95இல் தொடங்கினால் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். எண் எதுவும் பொய்யில்லை, படம் பொய். நான்காவதாக, வேறுபாடுதான் முக்கியம் எனில் வேறுபாட்டையே வரைய வேண்டும். ஐந்தாவதாக, விவரத்தில் எதை விட்டுவிட்டோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், என்னைப் போலவே, தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்கு வந்தவர்கள். நாளை நாம் வங்கியிலோ, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ, பள்ளியிலோ பணியாற்றக்கூடும். மழை, விளைச்சல், நோய், கடன் ஆகியவற்றைப் பற்றி நாம் வரையும் படம் சுவரில் தொங்கும். அதன் முன் நின்று பார்ப்போருள் அட்டவணையைப் படிக்க அறியாதவர் பலர் இருப்பர். எழுத்தில் உள்ளதை அவர்கள் பிறரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். படத்தை மட்டும் தம் கண்ணாலேயே பார்ப்பர். பார்த்ததை நம்பவும் செய்வர். அந்த நம்பிக்கைக்கு ஊறு நேராமல் வரைவது படித்தவரின் கடமையாகும்.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை வரைபடத் தாளை விரிக்கும்போது வண்ணப் பென்சிலைத் தேடுமுன் ஒரு வினாவை நம்மையே கேட்டுக்கொள்வோம்: எதை எதனோடு ஒப்பிட இப்படத்தை வரைகிறோம்? விடை தெளிவானால், எந்த வடிவில் வரைய வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.